பேகனின் மலையில் ஒரு புத்தக அலமாரி

தமிழ்நாட்டில் ஒரு புத்தகத்தை வாசகரிடமிருந்து பறிக்க அரசாணை வேண்டியதில்லை. நாலு பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று போதும். மனுவுக்குப் பின்னால் ஒரு கூட்டமும் திரண்டுவிட்டால் பாடத்திட்டத்திலிருந்து கதை காணாமல் போகும், அலமாரியிலிருந்து நூல் இறங்கும், எழுதியவர் ஊரைவிட்டே போக நேரும். யார் உத்தரவிட்டார்கள், எந்தச் சட்டப்படி, என்ன காரணம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. கையெழுத்தில்லாத, தேதியில்லாத இந்தத் தடையைத்தான் நாம் அதிகம் அஞ்ச வேண்டும்.

பழனியும் கொடைக்கானலும் அடங்கிய திண்டுக்கல் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். திண்டுக்கல்லில் வழக்கறிஞராக வாழ்ந்து, 2019இல் மறைந்தவர் டி.செல்வராஜ். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பாடுகளை ‘தேநீர்’ நாவலில் எழுதியவர். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றிய ‘தோல்’ நாவலுக்காக 2012ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். அவருடைய ‘நோன்பு’ சிறுகதை நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பாடமாக இருந்தது. ஆண்டாளைச் சித்திரித்த விதம் பக்தர்களைப் புண்படுத்துகிறது என்று இந்து அமைப்புகள் எதிர்ப்புக் கிளப்பின. பாடம் நீக்கப்பட்டது. அந்தக் கதையை எந்த நீதிமன்றமும் தவறென்று சொல்லவில்லை, எந்த அரசும் அதைத் தடை செய்யவில்லை. ஆனாலும் மாணவர்களின் கையிலிருந்து அது போய்விட்டது.

அதே பல்கலைக்கழகம் 2020 நவம்பரில் இன்னொரு நூலையும் எடுத்தது. மாவோயிஸ்டுகளோடு காட்டுக்குள் நடந்த அனுபவத்தை அருந்ததி ராய் எழுதிய நூல், முதுகலை ஆங்கில மாணவர்களுக்கு 2017 முதல் பாடமாக இருந்தது. மாணவர் அமைப்பு ஒன்று புகார் கொடுத்ததும் அதை நீக்கிவிட்டு மா.கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகளை வைத்தார்கள். மா.கிருஷ்ணன் பெரிய எழுத்தாளர். காட்டையும் பறவையையும் நேசிக்கிற எவரும் அவரைப் படிக்க வேண்டும். ஆனால் ஒருவரைத் துரத்திய இடத்தை நிரப்ப அவரைக் கொண்டுவந்தது அவருக்கும் மரியாதை இல்லை.

திருச்செங்கோட்டில் நடந்தது

இந்த வகைத் தடையின் முழு உருவத்தையும் தமிழ்நாடு பார்த்தது பெருமாள்முருகன் விவகாரத்தில்தான். ‘மாதொருபாகன்’ 2010இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. பிள்ளை இல்லாத காளி, பொன்னா தம்பதியின் கதை அது. ஊர்ச் சொல்லும் உறவுச் சொல்லும் சேர்ந்து ஒரு நல்ல குடும்பத்தை எப்படி அரிக்கின்றன என்று பேசும் நாவல். நாலு ஆண்டுகள் யாருக்கும் அதனால் தொந்தரவு இல்லை. ஆங்கில மொழிபெயர்ப்பு வந்த பிறகு, 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் நாவலின் பிரதிகளை எரித்தார்கள். நாவலிலிருந்து சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊருக்குள் பரப்பினார்கள். 2015 ஜனவரி 9 அன்று கடையடைப்பு நடந்தது. மூன்று நாள் கழித்து, ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ நடந்தது.

அந்தப் பேச்சுவார்த்தையை நன்றாகக் கவனிக்க வேண்டும். அங்கே ஒரு பக்கம் ஊர்த் தரப்பும் அதிகாரிகளும், மறுபக்கம் ஓர் அரசுக் கல்லூரித் தமிழாசிரியர். நிபந்தனையற்ற மன்னிப்பு கேட்கவும், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்டார். அடுத்து, தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார். தன் நூல்களை விற்க வேண்டாம் என்று பதிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டார். அரசு தடை செய்திருந்தால்கூட ஒரு நாவல்தான் போயிருக்கும். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு அவர் எழுதிய அத்தனையும் போகும் நிலை வந்தது.

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் சும்மா இருக்கவில்லை. ச.தமிழ்ச்செல்வன் மனுதாரராக நின்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் 2016 ஜூலை 5 அன்று அளித்த தீர்ப்பு, நாமக்கல்லில் வாங்கிய அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காத புத்தகத்தை மூடி வைக்க வாசகருக்கு உரிமை உண்டு, படிக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றது. எழுத்தாளர் திரும்ப எழுத வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு முடித்தது.

அவர் எழுத வந்தார். ‘கோழையின் பாடல்கள்’ வந்தது, ‘பூனாச்சி’ வந்தது. ‘பூக்குழி’யின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. ‘ஆளண்டாப் பட்சி’யின் மொழிபெயர்ப்பு அதே ஆண்டு ஜேசிபி விருது வாங்கியது. 2015 ஜனவரியிலேயே எல்லாம் முடிந்திருந்தால் இவற்றில் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும்? இந்தக் கேள்வியை நாமக்கல்லில் அன்று அமைதியைக் காத்ததாக நினைத்துக்கொண்ட ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எழுதிப்போட்ட தடையும் எழுதாத தடையும்

அரசு தடை போட்ட வரலாறும் நமக்கு நீளமானது. பாரதி இறந்து ஏழு ஆண்டு கழித்து, 1928இல் அவருடைய பாடல் நூல்களைப் பறிமுதல் செய்ய ஆணை பிறந்தது. முதலில் பர்மா, பிறகு சென்னை மாகாணம். சத்தியமூர்த்தி சென்னை சட்டமன்றத்தில் அதை எழுப்பி, அரசைப் பதில் சொல்ல வைத்தார். சுதந்திரம் வந்த பிறகும் வழக்கம் நிற்கவில்லை. ஈரோட்டுப் பக்கம் ஓலவலசில் பிறந்த புலவர் குழந்தை, இராவணனைத் தலைவனாக வைத்துப் பாடிய ‘இராவண காவியம்’ 1948இல் தடை செய்யப்பட்டது. தடை நீங்கியது 1971இல். இருபத்து மூன்று ஆண்டுகள். ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, பள்ளி கல்லூரி முடிக்கும் காலம்.

ஆனால் எழுதிப்போட்ட தடையை எதிர்த்து வழக்காட முடிந்தது. பெரியாரின் இராமாயண ஆராய்ச்சி நூல் இந்தியில் வந்தபோது உத்தரப் பிரதேச அரசு 1969இல் அதைப் பறிமுதல் செய்தது. வெளியிட்ட லலாய் சிங் யாதவ் வழக்காடினார். ஆணையில் காரணத்தை எழுதவில்லை என்று சொல்லி அலகாபாத் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. 1976இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் அதை உறுதி செய்தார். சட்டம் அன்றைக்கும் அதைத்தான் கேட்டது, இன்றைக்கும் அதைத்தான் கேட்கிறது. இப்போது நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆம் பிரிவுப்படி ஒரு நூலைப் பறிமுதல் செய்ய வேண்டுமானால் அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரிக்கும்.

ஒரு மாநில அரசே காரணம் எழுதாமல் ஒரு நூலைத் தடுக்க முடியாது என்று சட்டம் சொல்லும்போது, ஒரு தாசில்தாரோ துணைவேந்தரோ கிளை நூலகரோ மனு வந்ததும் புத்தகத்தை எடுத்து உள்ளே வைப்பது எந்த அதிகாரத்தில்?

அரசின் தடையை நான் ஆதரிக்கவில்லை. நம் பழனி மலைக்கு அதிலும் ஒரு நினைவு இருக்கிறது. காஷ்மீர் தலைவர் ஷேக் அப்துல்லாவை 1965இல் கைது செய்து முதலில் ஊட்டியிலும் பிறகு கொடைக்கானலிலும் காவலில் வைத்தார்கள். அவர் இருந்த கோஹினூர் பங்களாவை ஊர்க்காரர்கள் இன்றும் அடையாளம் காட்டுவார்கள். பேச்சு பிடிக்காத ஒருவரைச் சொந்த மண்ணிலிருந்து பிரித்து, அவர் மொழி தெரியாத ஒரு மலையில் உட்கார வைத்தார்கள். அறுபது ஆண்டு கழித்து, 2025 ஆகஸ்ட் 5 அன்று, அவர் பேரன் முதலமைச்சராக இருக்கும் ஜம்மு காஷ்மீரில் துணைநிலை ஆளுநர் நிர்வாகம் 25 நூல்களை ஒரே ஆணையில் பறிமுதல் செய்தது. ஏ.ஜி.நூரானி, அருந்ததி ராய், சுமந்த்ரா போஸ், அனுராதா பாசின் ஆகியோரின் நூல்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. காவலர்கள் புத்தகக் கடைகளுக்குள் தேடிப் போனார்கள். மனிதரைக் காவலில் வைத்தபோதும் தீராத பிரச்சினை, புத்தகத்தைக் காவலில் வைத்தால் தீர்ந்துவிடுமா?

மலையில் தடையின் எடை அதிகம்

சென்னையிலோ மதுரையிலோ ஒரு நூலை நூலகத்திலிருந்து எடுத்தால் வாசகர் கடைக்குப் போவார், கண்காட்சிக்குப் போவார், நண்பரிடம் கேட்பார். கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, கூக்கல், மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று நீளும் ஊர்களை எண்ணிப் பாருங்கள். உருளைக்கிழங்கும் பூண்டும் கேரட்டும் போடுகிற குடும்பங்கள். கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரியூர், பாச்சலூர். காப்பியும் மலைவாழையும் விளையும் ஊர்கள். பளியர், புலையர் குடியிருப்புகள் காட்டோரம் சிதறிக் கிடக்கின்றன. இங்கே படிக்க ஆசைப்படும் ஒரு பெண் பிள்ளைக்குப் பள்ளிக்கூட நூல்கள், அதை விட்டால் அரசு நூலகம். பஸ் ஏறிப் போய் ஒரு புத்தகம் வாங்க அரை நாள் கூலியும் பஸ் காசும் போகும். அவளைப் பொறுத்தவரை அலமாரியில் இல்லாத புத்தகம் உலகத்திலேயே இல்லை.

அதனால்தான் நூலகத்தைச் சட்டம் போட்டு ஊர்ப் பணத்தில் நடத்துகிறோம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதனின் விடாமுயற்சியால் வந்தது 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். கோவைப் பக்கத்துக்காரரான தி.சு.அவிநாசிலிங்கம் அப்போது கல்வி அமைச்சர். வீட்டு வரியோடு நாம் கட்டும் நூலக வரி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. ஒரு ரூபாய் வரிக்குப் பத்துக் காசு. கொடைக்கானலில் தங்கும் விடுதி வைத்திருப்பவரும் கட்டுகிறார், பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவரும் கட்டுகிறார். கடவுளை நம்புகிறவர் காசும் நம்பாதவர் காசும் அதில் இருக்கிறது. எல்லாச் சாதிக்காரர் காசும் இருக்கிறது. அப்படியிருக்க, யாரோ ஒரு தரப்பு வந்து இந்த நூல் எங்களுக்குப் பிடிக்கவில்லை, எடு என்று சொன்னால், மற்றவர்களின் பங்கையும் சேர்த்து எடுக்கச் சொல்கிறார்கள் என்றுதான் பொருள்.

நாவலுக்கு மட்டும் உரியது இந்த உரிமை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கொடைக்கானலில் எண்பதுகளில் தொடங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001 மார்ச்சில் மூடப்பட்டது. பாதரசம் ஒட்டிய ஏழு டன்னுக்கும் மேலான உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் கிடந்ததை, பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளியே கொண்டுவந்த பிறகு நடந்தது அது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு இழப்பீட்டு உடன்பாடு வர 2016 ஆகிவிட்டது. பாதரசம் உடம்பை என்ன செய்யும் என்று புத்தகங்களில் எப்போதோ எழுதியாகிவிட்டது. அது அந்தத் தொழிலாளர்களின் கைக்கு, அவர்கள் மொழியில், நேரத்துக்கு வந்து சேரவில்லை. அறிவு வந்து சேராமல் போனதன் விலையைத் தன் உடம்பால் கட்டிய ஊர் கொடைக்கானல். பிடிக்காத செய்தியை மறைக்கும் பழக்கம் எங்கே போய் முடியும் என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

பேகனைக் கண்டித்தவர்கள்

மரபைக் காக்கிறோம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார்கள். மரபு என்ன சொல்கிறது என்று இந்த மலையிடமே கேட்கலாம். பொதினி என்று சங்க இலக்கியம் சொல்லும் பழனியை ஆண்டவன் ஆவியர் குலத்து வையாவிக் கோப்பெரும் பேகன். மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அவன் தன் மனைவி கண்ணகியை விட்டுப் பிரிந்து வேறொருத்தியோடு வாழ்ந்தான் என்பதும் அதே புறநானூற்றில் இருக்கிறது. 143 முதல் 147 வரை ஐந்து பாடல்கள். பாடியவர்கள் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார். நான்கு பேரும் அவன் ஆதரவில் பரிசில் வாங்கக் கூடியவர்கள். அவன் வீட்டு விவகாரத்தை அவன் முகத்துக்கு நேரே பாடினார்கள். பொன்னும் பொருளும் வேண்டாம், தேரைப் பூட்டிக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போ, அதுவே எங்களுக்குப் பரிசில் என்றார்கள்.

அவன் அந்தப்புரத்தைப் பாடியதற்காக எவரும் கபிலரை மன்னிப்புக் கேட்க வைக்கவில்லை. ஆவியர் குலத்தின் மானம் போயிற்று என்று ஓலையைக் கொளுத்தவில்லை. தொகுத்தவர்கள் அந்தப் பாடல்களைத் தள்ளிவிடாமல் சேர்த்தார்கள். பெயர் தெரியாத எத்தனையோ பேர் ஏடு பெயர்த்து எழுதினார்கள். 1894இல் உ.வே.சாமிநாதையர் அச்சில் ஏற்றினார். ஒரு கணவன் மனைவி வாழ்க்கையைப் பற்றி ஊர் முன்னால் பேசியது நம் செவ்வியல் இலக்கியம். அதையே ஒரு நாவல் பேசினால் கலாச்சாரம் கெட்டுவிடும் என்று சொல்வதை நான் எந்த வகையிலும் ஏற்க மாட்டேன்.

மனம் புண்படுவது உண்மைதான். சாதியைச் சொல்லி, சாமியைச் சொல்லி, ஊரைச் சொல்லி எழுதும்போது படிப்பவருக்கு வலிக்கும். அந்த வலியைக் கேலி செய்யக் கூடாது. வலித்தவர் மறுத்து எழுதட்டும். அந்த மறுப்பு நூலையும் நூலகம் வாங்கட்டும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கட்டும். சிறுவர் பகுதியில் எதை வைப்பது என்று வயதைப் பார்த்துத் தேர்வு செய்வது நூலகரின் வேலை, அதைத் தடை என்று சொல்ல மாட்டேன். அரைகுறையாக எழுதியதை வாங்காமல் விடுவதும் தேர்வுதான். வாங்கி, பதிவேட்டில் ஏற்றி, வாசகர் கைக்குப் போய்வந்த நூலை மிரட்டலுக்குப் பயந்து இறக்குவது வேறு. அதைத் தேர்வு என்று சொல்லி நம்மை யாரும் சமாதானப்படுத்த வேண்டாம்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. உலகத் தமிழர்கள் எல்லோரும் அந்தத் தீயைப் பார்த்தோம், இன்றும் அந்த நாளை நினைக்கிறோம். ஒரு கிளை நூலகத்தின் மூலையில் ஒரு நூலை மட்டும் எடுத்து மூட்டையில் கட்டினால் யாருக்குத் தெரியும்? எந்த நாளை நினைவு நாளாக வைப்போம்?

வேண்டியது ஒரு விதி

அமெரிக்காவில் புத்தகத் தடை இன்று பெரிய போராட்டமாக நடக்கிறது. 2023-24 கல்வியாண்டில் மட்டும் அங்குள்ள அரசுப் பள்ளிகளில் 10,000க்கும் மேற்பட்ட தடைகளை எழுத்தாளர் அமைப்பான பென் அமெரிக்கா கணக்கெடுத்தது. அங்கும் ஒரு சிறிய கூட்டத்தின் புகார்தான் பல இடங்களில் தொடக்கம். ஆனால் அங்கே எதிர்த்து நிற்க நூலகர்களுக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. அமெரிக்க நூலகச் சங்கம் 1939இலேயே நூலக உரிமைச் சாசனம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. புகார் செய்பவர் எழுத்தில் தர வேண்டும், ஒரு குழு முழு நூலையும் படித்துத் தீர்மானிக்க வேண்டும், தீர்மானம் வரும்வரை நூல் அலமாரியிலேயே இருக்க வேண்டும் என்று அந்தச் சங்கம் நூலகங்களுக்கு வழிகாட்டுகிறது.

நமக்கும் அதுதான் வேண்டும். பொது நூலகத் துறை ஒரு சுற்றறிக்கை போட்டாலே ஆகும். எந்த நூலையும், தலைமையிடத்திலிருந்து காரணம் எழுதிய ஆணை வராமல் எந்தக் கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் எடுக்கக் கூடாது. புகார் கொடுப்பவர் நூல் முழுவதையும் படித்ததாகக் கையெழுத்திட வேண்டும். மாவட்ட நூலக ஆணைக்குழு அமைக்கும் குழுவில் வாசகர் வட்டத்தின் ஆட்களும் எழுத்தாளர்களும் இருக்க வேண்டும். எடுக்கச் சொன்ன ஆணையை நூலக வாசலில் ஒட்ட வேண்டும். கூட்டம் வந்து நிற்கும்போது, குறைந்த சம்பளத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு நூலகரின் நெஞ்சுரத்தை மட்டும் நம்பிப் புத்தகத்தை விட்டுவைப்பது நியாயமே இல்லை. ஒரு தாளைக் காட்டி, ‘என் கையில் இல்லைங்க, விதி இப்படி’ என்று சொல்லும் தைரியத்தை அரசு அவருக்குக் கொடுக்க வேண்டும்.

சுற்றறிக்கை வரும்வரை வாசகர்கள் செய்யக் கூடியது உண்டு. கொடைக்கானலோ பழனியோ ஒட்டன்சத்திரமோ, உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். வாசகர் வட்டக் கூட்டத்துக்குப் போங்கள். ‘மாதொருபாகன்’ இருக்கிறதா, டி.செல்வராஜின் கதைகள் இருக்கின்றனவா, ‘இராவண காவியம்’ இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். முன்பு இருந்து இப்போது இல்லாமல் போயிருந்தால், யார் எப்போது ஏன் எடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். 30 நாளில் அவர்கள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.